சாச்சாவின் தலைமாட்டுச் செடி

ஓதப் பள்ளியில் என்னோடு ஒரே பாயில் இருந்து குர்ஆன் ஓதியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேரைக் கல்யாண வீடுகளில் காண்கிறேன். முழங்கால் வலி, கண் சத்திரசிகிச்சை, வெளிநாட்டில் இருக்கும் மக்கள் என்று கதைத்து முடித்த பிறகு யாராவது ஒருத்தி கேட்பாள்: "உங்கட வளவுக்குள்ள ஒரு செடி நிண்டதே, மக்கத்துச் செடி எண்டு. அது என்னகா ஆன?"

போன மாதம் ஒருத்தி அதைச் சிரித்துக்கொண்டு கேட்டாள். "உங்கட வாப்பா நுவரெலியாவில வாங்கிக் கொண்டுவந்து ஊரை ஏமாத்தின செடிதானே?"

அவளை நான் குறை சொல்லவில்லை. அவளுடைய வீட்டில் அப்படித்தான் கதைத்திருப்பார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்கள் கேட்டது ஒரு கதை. உள்ளே நடந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வளவில் இரண்டு வீடுகள். உம்மாவுக்குச் சீதனமாகக் கட்டியது ஒன்று, உம்மாவின் தங்கை சாச்சிக்குக் கட்டியது மற்றது. நடுவில் ஒரு கிணறு, இரண்டு வீட்டுக்கும் பொது. சூறாவளி வந்து எங்கள் கரையின் தென்னைகளையெல்லாம் முறித்துப்போட்ட பிறகு வாப்பாவும் சாச்சியின் புருஷன் சாச்சாவும் சவளக்கடையில் குத்தகை வயல் செய்து பார்த்தார்கள். இரண்டு போகம் சரிவரவில்லை. அப்போதுதான் அரபு நாட்டுக்கு ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். சாச்சாவின் காக்கா, அவருடைய அண்ணன்தான், அவரையும் வாப்பாவையும் சவூதிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அவருக்குக் கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடை. தகப்பன் இல்லாமல் போன பிறகு தம்பியைத் தன் பிள்ளையைப்போல் வளர்த்த மனிதர். பஸ் ஏற்றிவிடும்போது தம்பியின் தலையைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து வாப்பா திரும்பி வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். இரண்டு பேரும் வருகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சாச்சி விடியவே எழும்பி இறைச்சி ஆணம் காய்ச்சி, மருதமுனையில் எடுத்த பச்சைச் சாறியை உடுத்திக்கொண்டு, தன் வாப்பாவை அதுவரை கண்டிராத சின்ன மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வளவு வாசல் கடப்படியில் நின்றாள். வாடகைக் கார் வந்து நின்றது. வாப்பா மட்டும் இறங்கினார். ஒரு கையில் பை. மறு கையில், நெஞ்சோடு அணைத்தபடி, ஒரு பால்மா டின். டின்னுக்குள் சாண் உயரத்தில் சாம்பல் படிந்த பச்சையாக ஒரு செடி.

சாச்சி குனிந்து காரின் பின் சீற்றைப் பார்த்தாள். கார்க்காரனைப் பார்த்தாள்.

"அவரு பின்னால வாறாரா மச்சான்?"

வாப்பா டின்னை நிலத்தில் வைத்தார். வெயிலில் வைத்தது சரியில்லை என்று நினைத்தவர்போல் எடுத்து வேலி நிழலில் வைத்தார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மச்சி, அவன் மௌத்தாப் போயிட்டான். கையால அடக்கிப்போட்டுத்தான் வாறன்."

சாச்சி சிரித்தாள். "பகிடி விடாதீங்க மச்சான்" என்றாள். வாப்பாவின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தாள். பிள்ளையை என் கையில் தந்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குசினியில் ஆணம் அடிப்பிடித்து மணத்தது. யாரும் போய் இறக்கவில்லை.

சாச்சாவின் காக்கா கடையைப் பூட்டாமலே சைக்கிளில் வந்து சேர்ந்தார். வாப்பா நடந்ததைச் சொன்னார். முதலில் வேலைக்கு எடுத்தவன் பாஸ்போட்டைப் பறித்து வைத்துக்கொண்டு அடித்து வேலை வாங்கியதால், இரண்டு பேரும் அங்கேயிருந்து ஓடி அப்ஹா என்ற மலைப் பக்கம் போனார்கள். அங்கே ஒரு அறபியின் தோட்டத்தில் வேலை. படிப்படியாக வெட்டிய மலைத் தோட்டம். மழைக்குப் பிறகு ஒரு நாள், கட்டிக்கொண்டிருந்த கல்மதில் சரிந்து சாச்சாவை மூடிவிட்டது. அஸர் தொழுகைக்கு முதல் மூச்சு நின்றது. மஃரிபுக்கு முதல் அடக்கிவிட்டார்கள்.

"கடதாசி எங்க?" என்று காக்கா கேட்டார்.

"என்ன கடதாசி காக்கா? நாங்க களவா நிண்ட ஆக்கள். தோட்டக்கார அறபிக்கும் பயம். என்னை அனுப்பி வச்சதே பெரிய காரியம்."

"படம்?"

"இல்ல."

"கபுறில பேரெழுதின மீசான் கல்லு?"

"அங்க பேரெழுத மாட்டாங்க. வெறுங் கல்லு ஒண்டு. அவன்ட தலைமாட்டில ஒரு மரம் நிண்டிச்சி, அர்அர் எண்டு சொல்றாங்க. அதுக்குக் கீழ முளைச்ச கண்டுதான் இது. வேற ஒண்டும் எடுக்கிறதுக்கு இருக்கல்ல."

காக்கா பால்மா டின்னைப் பார்த்தார். "என்ட தம்பிக்குப் பதிலா இதையா கொண்டுவந்தாய்?" என்றார்.

மறுநாள் காலையில் வாப்பா அந்தக் கன்றைக் கிணற்றுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே நட்டார். உம்மா வாசலில் நின்று பார்த்தாள். "தங்கச்சிட வீட்டில கதவு திறக்கல்ல. நீங்க செடி நடுறீங்க. ஆக்கள் என்ன சொல்லும்?" என்று கேட்டாள். வாப்பா மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தார். எங்கள் வளவு வெறும் கடல் மணல், தோண்டினால் சிப்பி வரும். அவர் செங்கல்லை உடைத்துப் போட்டு, அதன்மேல் வயல் பக்கத்திலிருந்து சாக்கில் கொண்டுவந்த சரளையும் மண்ணும் கலந்து, இடுப்பளவு அகலத்தில் ஒரு மேடு கட்டினார். கடலிலிருந்து வரும் உப்புக் காற்றுக்கு மறைப்பாக ஒரு தென்னோலைக் கிடுகைச் சாய்த்துக் கட்டினார்.

செடியின் இலை இலையாக இருக்காது. முள்ளைப்போலக் கூர், தொட்டால் குத்தும். ஒரு நுனியைக் கிள்ளி நசுக்கினால் புதுப் பென்சிலைச் சீவும்போது வருமே, அந்த மணம் வரும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஒரு நுனியைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போவேன். வாப்பா அதற்கு மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பள்ளிவாசலில் அதன் நிருவாகம் பார்க்கும் மரைக்கார்மார் கூடினார்கள். மௌத்து என்று எடுத்துக்கொண்டால் சாச்சி நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இத்தா இருக்கவேண்டும், ஊர் கூடி இறந்தவருக்கான ஜனாஸாத் தொழவேண்டும். இல்லை என்றால் அவள் இன்னும் ஒருவரின் மனைவி. பெரிய மரைக்கார் வாப்பாவிடம் கேட்டார்: "உன்னைத் தவிர ஆரு கண்ட?"

"கோமாரி ஊர்ப் பெடியன் ஒருவன் நிண்டான். ஜனாஸாத் தொழுகைக்கு வந்தான். இப்பவும் அங்கதான் இரிக்கான்."

"அப்ப அவன் வரட்டும். ஒரு ஆளுட சொல்ல வச்சி ஒரு பொம்புளைய விதவையாக்க ஏலாது."

நம்பகமான ஒருவர் சொன்னால் மனைவி அதை ஏற்று இத்தா இருக்கலாம் என்று சொல்லும், மார்க்கம் படித்த ஆலிம்களும் உண்டு என்று, எனக்கு நாற்பது வயதான பிறகு ஒரு மௌலவி சொன்னார். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அல்லது இருந்தும் சொல்லவில்லை.

அதே கிழமையில் ஜித்தாவிலிருந்து லீவில் வந்த ஒருவர், அங்கே ஒரு ரொட்டிக் கடையில் சாச்சாவைப்போல ஒருவரைக் கண்டதாகச் சொன்னார். "அவர்தானா?" என்று கேட்டதற்கு, "முதுகுப் பக்கந்தான் கண்ட, நடை அவர்ர நடை" என்றார். அவ்வளவு போதுமாயிருந்தது. காக்கா அன்று சந்தோஷத்தில் பள்ளிவாசலுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார். தம்பி அங்கே வேறொரு பெண்ணோடு இருக்கிறான், சகலன் அதை மறைக்கத்தான் மௌத்துக் கதை கட்டுகிறான் என்று கடைத்தெருவில் கதை முளைத்தது. தம்பி ஹராமான வாழ்க்கை வாழ்கிறான் என்பதுகூட அந்த மனிதருக்குச் சந்தோஷமாக இருந்தது. உயிரோடு இருந்தால் போதும். இந்த வயதில் எனக்கு அது விளங்குகிறது. அன்றைக்கு அவரைக் கண்டாலே எனக்குக் கல்லால் எறிய வேண்டும்போல் இருக்கும்.

சாச்சியும் அந்தக் கதையைத்தான் பிடித்துக்கொண்டாள். காக்கா ஆட்களைக் கொண்டுவந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடுகு வேலி போட்டுக் கொடுத்தார். கிணற்றடியில் மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி. பெருநாளுக்குச் சாச்சி கைக்கு மருதோண்டி போட்டாள். புருஷன் வீட்டார் கொடுத்த சாறியை உடுத்திக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்து போனாள். உம்மா, "தங்கச்சி" என்று கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

இந்தப் பக்கம் செடியைப் பற்றி வேறு கதை. மக்கத்துச் செடி என்று பெண்கள் வரத் தொடங்கினார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஒரு நுனி, பிள்ளைப்பேறுக்கு ஒரு நுனி. பறித்துவிட்டு, பறித்த பாவத்துக்குப் பரிகாரம்போல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். "தண்ணி ஊத்தாதீங்க. இது மலைச் செடி, வேர் அழுகிரும்" என்று வாப்பா கத்துவார். பறக்கத்தான, அருள் உள்ள செடியைத் தனக்கே வைத்திருக்கப் பார்க்கிறார் என்று அவர்கள் சொல்லிக்கொண்டு போவார்கள்.

பிறகு விவசாயக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கும் ஐயா வந்தார். காரைதீவைச் சேர்ந்தவர், வயல் பார்க்கப் போகிற வழியில் செடியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆசையோடு வந்து பார்த்தார். குனிந்து, நுனியை நசுக்கி மணந்து, "இது ஜூனிப்பர் அல்லவா! நுவரெலியாவில துரைமார் வீட்டுப் பூந்தோட்டத்தில அழகுக்கு வளக்கிறது. எப்பவும் பச்சையா நிக்கும். அரபு நாட்டு மலையளிலயும் காடா இருக்கும் எண்டு படிச்சிருக்கிறன். இந்த உப்பு மணலில நீங்க வளத்ததுதான் அதிசயம்" என்றார். வேலிக்கு வெளியே நாலைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டு போனது நுவரெலியா என்ற ஒரு சொல்லை மட்டும்.

அன்று அஸருக்குள் கல்முனை முழுவதும் பரவிவிட்டது. 'சவூதியும் இல்லை, மலையும் இல்லை, மனிசன் நுவரெலியாவில் செடி வாங்கி வந்திருக்கிறான். செடி பொய் என்றால் கபுறும் பொய்.' ஓதப் பள்ளியில் என்னைக் கண்டதும் "நுவரெலியா ஹாஜியார்ர மகள்" என்று பாடினீர்கள். உங்களில் மூன்று பேருடைய குரலை நான் இப்போதும் பிரித்துச் சொல்வேன். போகட்டும், பிள்ளைகள்தானே. ஐயா அதைக் கேள்விப்பட்டு மறுபடியும் வந்து, "நான் முழுக்கச் சொன்னனே" என்று வாப்பாவின் கையைப் பிடித்து வருந்தினார். வாப்பா அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த ஒழுங்கையில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பன் வாப்பாவோடு சின்ன வயதிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர். கல்யாண ஒப்பந்தமான காவின் எழுதும்போது சாட்சிக்கு வாப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நாங்கள் பிள்ளைகள் கதவு மறைவில் நின்று மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாச்சாவின் காக்கா எழும்பினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"வேற ஆளைப் போடுங்க. இவர்ர சாட்சி செல்லாது. மறுகா நிக்காஹ்வில சந்தேகம் வரும்."

பெண்ணின் தகப்பன் வாப்பாவைப் பார்த்தார், மரைக்காரைப் பார்த்தார், தன் கால் விரலைப் பார்த்தார். வாப்பா பாயிலிருந்து எழும்பினார். சகன் சாப்பாட்டுக்குத் தட்டங்களைச் சுற்றி ஆட்கள் அறுவர் அறுவராக உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். ஐந்து பேர் இருந்த ஒரு தட்டத்தில் ஓர் இடம் இருந்தது. அவர்கள் கையசைத்துக் கூப்பிடுவார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். நெய்ச்சோற்று மணம் எனக்கு அதற்குப் பிறகு பல வருடம் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்மா வெடித்தாள். "நீங்க ஒண்டும் சொல்லாம இருந்திருக்கலாம். அவன் வருவான் வருவான் எண்டு அவளும் இருந்திருப்பாள். நாமளும் மனிசரா இருந்திருப்பம்."

"நான் மண்ணள்ளிப் போட்டவன்" என்றார் வாப்பா. அன்றையிலிருந்து அவர் தானாக அந்தக் கதையை யாரிடமும் எடுக்கவில்லை. காலையில் வயலுக்குப் போவார், வருவார், செடியடியில் குந்தியிருப்பார்.

கல்யாண வீட்டில் நடந்ததைச் சாச்சி கேள்விப்பட்டிருக்கவேண்டும். இரண்டு நாள் கழித்து, வெயில் சாயும் நேரம், கிணற்றடி இடைவெளியால் எங்கள் பக்கம் வந்தாள். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாப்பா குந்தியிருந்த இடத்துக்கு எட்ட நின்றாள்.

"மச்சான், பொய் சொல்லாதீங்க. அவரை ஆரு குளிப்பாட்டின?"

"நான்தான்."

"தண்ணி குளிரா?"

"குளிர்தான். அறபிட பொஞ்சாதி சுடவச்சித் தந்தா."

"எந்தச் சாறன் உடுத்திருந்தாரு?"

"நீல வரிச் சாறன். நீ கொடுத்து விட்டது."

"நோவு தெரிஞ்சிருக்குமா?"

வாப்பா செடியடி மண்ணை விரலால் கிளறினார். "முதல்ல கத்தினான். மறுகா அமைதியாயிட்டான். கலிமாச் சொல்லிக் கொடுத்தன், சொன்னான். பிள்ளை நடக்குதா எண்டு கேட்டான். நான் ஓம் எண்டு சொன்னன், எனக்குத் தெரியாது எண்டாலும்."

"அப்ப நடந்துதான்" என்றாள் சாச்சி. "அந்த மாசந்தான் நடந்தவள்."

அவள் அழுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அழவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தப் பாதையால் தூக்கிக்கொண்டு போனது, எத்தனை பேர் வந்தது, கபுறுக்கு மண் எப்படி இருந்தது, மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும். வாப்பா சொல்லச் சொல்ல அவளுடைய உதடுகள் அசைந்தன. சின்னச் சூறா பாடமாக்கும்போது நாம் செய்வோமே, அப்படி. முடிந்ததும், "அந்தச் செடியை எனக்குத் தாங்க" என்றாள்.

வாப்பா மேட்டைச் சுற்றி அகலமாக வெட்டி, வேர் குலையாமல் சாக்கில் ஏந்திக்கொண்டு போய் அவளுடைய சன்னலுக்கு முன்னால் மேடு கட்டி நட்டுக் கொடுத்தார். அன்று மஃரிபுக்குப் பிறகு சாச்சி வெள்ளை உடுத்தி உள்ளறைக்குள் போய்விட்டாள். மரைக்காரிடம் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. தானாகவே இத்தா தொடங்கினாள்.

இத்தாப் பெண் அந்நிய ஆண்களுக்கு முகம் காட்டக்கூடாது. மச்சானும் அந்நியன்தான். அதனால் வாப்பாவுக்குச் செடியைப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று என்னிடம் சொல்லி விடுவார். "தண்ணி கிழமைக்கு ஒருக்கா போதுமெண்டு சொல்லு." "நுனி மஞ்சளாகுதா, உள்ள மஞ்சளாகுதா எண்டு பாத்துவா." "உப்புக் காத்துத் திரும்பிட்டு, கிடுகை மற்றப் பக்கம் கட்டச் சொல்லு." நான் போய்ச் சொல்வேன். சாச்சி இருட்டறையின் சன்னல் கம்பிக்குள்ளால் கையை நீட்டிச் செடியைத் தொட்டுக்கொண்டு கேட்பாள். நான்தான் கிடுகைக் கட்டுவேன், களை பிடுங்குவேன். விரலெல்லாம் குத்தும்.

ஆறுதல் சொல்ல ஒரு பெண்கூட வரவில்லை. காக்கா வந்தார். கடப்படியில் நின்று, ஒழுங்கைக்கே கேட்கக் கத்தினார்.

"ஹயாத்தோட, உசிரோட இரிக்கிறவனுக்கு வெள்ளை உடுக்கிறியே! உன்ட வாயாலயே அவனக் கொல்றியே!"

உள்ளறையிலிருந்து சாச்சியின் குரல் வந்தது. "கூட்டிட்டு வாங்க காக்கா. கூட்டிட்டு வந்து கடப்படியில நிப்பாட்டுங்க. இந்த வெள்ளைய இப்பவே கழட்டுறன்."

அவர் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பல வருடம் அவர் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. தம்பி மகளுக்குப் பெருநாள் உடுப்பு மட்டும் கடைப் பையனிடம் கொடுத்து அனுப்புவார்.

இத்தா முடிந்து சாச்சி வெளியே வந்தாள். கைத்தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துச் சீவித்தாள். ஊர் அவளை விதவை என்றும் சொல்லவில்லை, புருஷன்காரி என்றும் சொல்லவில்லை. கல்யாண வீடுகளுக்குக் கூப்பிடுவதா விடுவதா என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். செடி மெதுவாக வளர்ந்தது, ஒரு வருடத்துக்கு ஒரு சாண்கூட இராது. அவள் அதைத் துணி வெட்டும் கத்தரியால் வட்டமாக வெட்டி அழகாக்கி வைத்திருந்தாள். சித்திரை வெயிலில் ஊர் முழுவதும் காய்ந்து கிடக்கும்போது அது மட்டும் பச்சையாக நிற்கும். பறக்கத்துக்கு வந்த பெண்கள் இப்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு, ஐந்தாறு வருடம் கழித்து, ஒரு பெரிய மாரி. வயல் வெள்ளமும் வாய்க்கால் வெள்ளமும் கடலுக்குப் போக வழியில்லாமல் எங்கள் வளவுக்குள் வந்து நின்றன. ஆம்பிளை இல்லாத வீடென்று இத்தாவுக்குப் பிறகும் வேலியைத் தாண்டாத வாப்பா இந்தப் பக்கமே நின்று, "கானை வெட்டு, மேட்டைச் சுத்திக் கானை வெட்டித் தண்ணிய வடிய விடு" என்று கத்த, நானும் சாச்சியும் அவளுடைய மகளும் முழங்கால் தண்ணீரில் நின்று வெட்டினோம். வெட்டிய கானுக்குள் மறுபடியும் தண்ணீர்தான் ஊறியது.

வெள்ளம் வற்றியபோது செடி பச்சையாகவே நின்றது. சாச்சி சந்தோஷப்பட்டாள். வாப்பா ஒரு கொப்பைக் கொண்டுவரச் சொன்னார். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே கபில நிறம்.

"வேர் போயிட்டு. செத்துட்டு எண்டு சொல்லு."

சாச்சி வேலியோரம் வந்தாள். "பச்சையாத்தானே நிக்கிது மச்சான்."

"இந்தச் சாதி அப்படித்தான். செத்தாலும் கொஞ்ச நாளைக்குத் தெரியாது."

சாச்சி இந்த முறை மறுக்கவில்லை. ஆனாலும் அதைப் பிடுங்கவும் இல்லை. ஒரு மாதம் கழித்து என் தாவணி நுனி பட்டது. முள்ளெல்லாம் ஒரே தடவையில் மணல்போல உதிர்ந்தது. குச்சி மட்டும் நின்றது. மறுநாள் அதையும் சாச்சி வெட்டி அடுப்பில் வைத்தாள். அன்று அவர்கள் வீட்டுச் சோற்றில் பென்சில் மணந்தது.

கோமாரிக்காரர் ஊருக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம். வாப்பா அன்றைக்குப் பெடியன் என்று சொன்னவர் தாடி வைத்த ஆளாக வந்திருந்தார். வேறு வேலையாகக் கல்முனைக்கு வந்தவர், பள்ளியில் தொழுதுவிட்டு, சாச்சாவின் பெயரைச் சொல்லி, அவருடைய வீட்டுக்கு ஸலாம் சொல்ல வழி கேட்டிருக்கிறார். "அவரை அடக்கும்போது நான் நிண்டன். பிள்ளை எப்படி இரிக்கி எண்டு பாத்துட்டுப் போகலாமெண்டு வந்தன்" என்றாராம்.

பெரிய மரைக்கார் வாப்பாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். ஊருக்கு முன்னால் பேசவேண்டும், வாருங்கள் என்று. வாப்பா கிணற்றடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு? எனக்குத் தெரிஞ்சதைத்தானே அவரும் சொல்லியிருப்பாரு" என்றார். "புதுசா நான் என்ன கேக்க இரிக்கி?"

அவர் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஊர் கூடிச் சாச்சாவுக்கு ஜனாஸாத் தொழுதது. அதற்கும் போகவில்லை. "நான் தொழுதிட்டன்" என்றார். மரைக்கார் சாச்சிக்கு, அவள் இனி இத்தா இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். சாச்சி அதைச் சொல்ல வந்த பெண்ணுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

அன்று பின்னேரம் சாச்சாவின் காக்கா வந்தார். சைக்கிளை ஒழுங்கையிலேயே சாய்த்துவிட்டு நடந்து வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. உம்மா கதிரை கொண்டுவந்து போட்டாள். அவர் அதில் இருக்கவில்லை. வாப்பாவுக்கு முன்னால், வெறும் மணலில், குந்தி உட்கார்ந்தார்.

"தம்பி, மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு முகமில்ல. அவன எங்க வச்ச? எப்படி வச்ச? எனக்குச் சொல்லு. நான் ஒருக்காலும் கேக்கல்லதானே."

வாப்பா அவரைப் பார்த்தார். கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. "மலைக்கு மேல காக்கா" என்று தொடங்கினார். "அந்த ஊரு... அந்த ஊர்ர பேரு..." நிறுத்தினார். நெற்றியைத் தடவினார். "பாதை ஒண்டு மேல போகும். பள்ளி இருந்திச்சா, இல்லையா... வாயில வருதில்ல."

"யோசிச்சிச் சொல்லு தம்பி."

"அப்ப ஒவ்வொரு நாளும் சொன்னன் காக்கா. பொய் பொய் எண்டாங்க. மறுகா நான் எனக்குள்ள சொல்றதையும் விட்டுட்டன். இப்ப தேடினா ஒண்டும் இல்ல." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "மண் போட்டது தெரியும். வேற எல்லாம் போயிட்டு."

காக்கா முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாச்சியின் குரல் வந்தது. அவளை எங்களுக்குத் தெரியவில்லை, கிடுகுக்குப் பின்னால் நின்றிருக்கவேண்டும். அவசரமில்லாமல், ஒரு சொல்லும் விடாமல் சொல்லத் தொடங்கினாள்.

"தோட்டத்தில இரிந்து வலக்கைப் பக்கம் ஒரு ஒத்தையடிப் பாதை. கல்லுப் பாதை. ஒம்பது பேர் தூக்கினாங்க, ஏத்தம் எண்டதால மாறி மாறி. மேல போனா ஒரு சின்னப் பள்ளி, வெள்ளைச் சுண்ணாம்பு பூசினது. அதுக்குப் பின்னால கபுறடி. மண் சிவப்பு, கல்லுக் கலந்தது, வெட்டக் கஷ்டமா இருந்திச்சி. அறபிட பெரிய மகன் இறங்கி வெட்டினான். அவரை மக்கத்தைப் பாக்கச் சரிச்சி வச்சாங்க. அங்கயிருந்து மக்கம் தூரமில்ல. தலைமாட்டில மரம். அஸருக்குப் பிறகு நிழல் அவர்ர நெஞ்சுக்கு மேல வரும்."

காக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். வாப்பா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வேலிப் பக்கம் திரும்பி, கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கோ தூர இடத்தில் நடந்ததை முதல் தடவையாகக் கேட்பவரின் முகம் அது.

சாச்சி மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"மறுகா?" என்று கேட்டார் வாப்பா.